எண்ணிக்கையை வாங்கலாம், கேட்பவரை வாங்க முடியுமா?

கடந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு. ஈப்போ, புந்தோங்கில் உள்ள பெரியப்பா வீட்டில் நாங்கள் ஆறு பேர் ஒரே கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா மகன், எங்கள் எல்லாருக்கும் அண்ணன், தன் முதல் பாடலை இணையத்தில் வெளியிட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. திரையில் ஓர் எண் தெரிந்தது: 3,412. ஒரே நாளில் அத்தனை முறை அவர் பாடல் ஒலித்திருக்கிறதாம். அண்ணன் எழுந்து போய் எல்லாருக்கும் மீ கோரிங் வாங்கி வந்தார். பெரியம்மா சாமி படத்தின் முன் விளக்கேற்றினார்.

பத்தொன்பதாம் நாள் அந்தப் பாடல் காணாமல் போனது. தேடினால் அவர் பெயர் வருகிறது, பாடல் வரவில்லை.

அண்ணன் பகலில் தூங்கி, இரவில் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர். இரண்டாம் கையாக வாங்கிய ஒரு கணினி, ஒரு ஹெட்போன், இவைதான் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். புந்தோங்கில் பயிற்சி செய்யும் உறுமி மேளக் குழு ஒன்றின் அடியைக் கைப்பேசியில் பதிந்து, அதன்மேல் ஹவுஸ் இசையின் தாளத்தைச் சேர்த்து, ஏறக்குறைய ஓராண்டு உழைத்து அந்தப் பாடலை முடித்தார். அது ஏன் காணாமல் போனது என்பதைத் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்டவைதான் இந்தக் கட்டுரை. நம் மாணவர்களில் பலர் இன்று படுக்கையறையில் இருந்தபடியே இசை அமைக்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பட்டியல்தான் இன்றைய வானொலி

ஒரு காலத்தில் உள்ளூர்ப் பாடல் பரவ வேண்டுமானால் வானொலி ஒலிபரப்ப வேண்டும், குறுந்தட்டு கடைக்குப் போக வேண்டும். யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ 2006இல் வந்தபோது அதுதான் நிலைமை. ஸ்பாட்டிஃபை மலேசியாவுக்கு வந்தது 2013 ஏப்ரலில். இப்போது பெரும்பாலான இளையோர் பாடலைத் தேடிக் கேட்பதைவிட, பிளேலிஸ்ட் எனப்படும் பாடல் பட்டியலை ஓடவிட்டுத்தான் கேட்கிறோம். உடற்பயிற்சிக்கு ஒன்று, படிக்க ஒன்று, பேருந்துப் பயணத்துக்கு ஒன்று.

இந்தப் பட்டியல்களில் மூன்று வகை உண்டு. முதலாவது, நிறுவனத்தின் ஆசிரியர் குழு தேர்ந்தெடுப்பது. இரண்டாவது, நம் கேட்கும் பழக்கத்தைப் பார்த்துக் கணினி தானாகவே தொகுப்பது. திங்கட்கிழமை தோறும் வரும் ‘டிஸ்கவர் வீக்லி’யும் வெள்ளிக்கிழமை தோறும் வரும் ‘ரிலீஸ் ரேடா’ரும் இந்த வகை. மூன்றாவது, உங்களையும் என்னையும் போன்ற சாதாரண மனிதர்கள் தொகுத்து வைத்திருப்பது.

முதல் வகையில் இடம் கேட்கப் பணம் தேவையில்லை. கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை பக்கத்தில் ஒரு படிவம் இருக்கிறது. இன்னும் வெளிவராத ஒரு பாடலை மட்டும் அதன்வழி ஆசிரியர் குழுவுக்கு அனுப்பலாம். பாடலின் வகை, மொழி, மனநிலை, இசைக்கருவிகள், எந்த ஊரைச் சேர்ந்தது ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 500 எழுத்துகளுக்குள் அதன் கதையையும் எழுத வேண்டும். வெளியீட்டு நாளுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே அனுப்பிவிட்டால், ஆசிரியர் குழு தேர்ந்தெடுக்காவிட்டாலும் நம்மைப் பின்தொடர்பவர்களின் ‘ரிலீஸ் ரேடார்’ பட்டியலில் பாடல் சேர்ந்துவிடும்.

அண்ணனுக்கு இந்தப் படிவம் இருப்பதே தெரியாது. பாடல் முடிந்த மகிழ்ச்சியில் அடுத்த நாளே வெளியிட்டுவிட்டார்.

பதினாறு சுற்றும் முப்பது விநாடியும்

நடன இசைக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடலைக் குறைந்தது 30 விநாடி கேட்டால்தான் அது ஒரு முறை கேட்டதாகக் கணக்கில் சேரும். ஆனால் ஹவுஸ் போன்ற நடன இசை 1980களில் சிகாகோவின் நடன அரங்குகளில் வளர்ந்தது. ஒரு பாடலிலிருந்து அடுத்ததற்கு டிஜே தடையில்லாமல் கடந்து போக வேண்டும் என்பதால், தொடக்கத்தில் வெறும் தாளம் மட்டும் நெடுநேரம் ஒலிக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 128 துடிப்பு என்பது இவ்வகை இசையில் வழக்கமான வேகம். நான்கு துடிப்பு ஒரு சுற்று என்றால், 32 சுற்றுக்குச் சரியாக ஒரு நிமிடம் ஆகும். 16 சுற்றுக்கு 30 விநாடி. நடன அரங்குக்கு ஏற்றபடி 32 சுற்றுத் தாளத்தோடு பாடலைத் தொடங்கினால், பேருந்தில் கைப்பேசியோடு இருப்பவர் அடுத்த பாடலுக்குத் தாவியே விடுவார். அதனால்தான் பல இசைஞர்கள் ஒரே பாடலை இரண்டு வடிவங்களில் வெளியிடுகிறார்கள். தொடக்கத்தைச் சுருக்கிய குறுவடிவம் கேட்பவர்களுக்கு. நீண்ட வடிவம் டிஜேக்களுக்கு.

அண்ணனின் பாடலில் உறுமி நுழைவது 48 விநாடி கழித்து. அந்தப் பாடலின் உயிரே உறுமிதான். முதல் வாரம் நண்பர்களும் உறவினர்களும் கேட்டதோடு சரி. எண்ணிக்கை 90ஐத் தாண்டவில்லை.

அந்த நேரத்தில்தான் அவருடைய இன்ஸ்டகிராமுக்கு ஒரு செய்தி வந்தது. “உங்கள் பாடல் அருமை. 280 ரிங்கிட் கொடுத்தால் பெரிய பட்டியல்களில் சேர்க்கிறோம். பத்தாயிரம் ஸ்ட்ரீம் உறுதி.” அண்ணன் கூடுதல் நேர வேலை செய்து சேர்த்த பணத்திலிருந்து அதைக் கட்டினார். எங்களிடம் சொல்லவில்லை.

எண்ணுக்குப் பின்னால் யார்?

பாடல் நீக்கப்பட்ட பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து புள்ளிவிவரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஆயிரக்கணக்கில் கேட்டவர்கள் பெரும்பாலும் எங்களுக்குப் பெயரே தெரியாத வெளிநாட்டு ஊர்களில் இருந்தார்கள். பாடலைச் சேமித்து வைத்தவர்கள் 11 பேர். அந்த 11 பேரில் நான்கு பேர் எங்கள் குடும்பம்! மூவாயிரம் பேர் கேட்ட பாடலைப் பற்றி முன்பின் அறியாத ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. பாடலை விநியோகம் செய்த நிறுவனத்திடமிருந்து வந்த மின்னஞ்சல் காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னது: செயற்கையான கேட்பு எண்ணிக்கை. கேட்டவை மனிதக் காதுகள் அல்ல, தானியங்கி நிரல்கள்.

இதை வரவேற்பறையில் பேசிக்கொண்டிருந்தபோது பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் பால் மரம் வெட்டியவர். அந்தத் தோட்டத்தில் இன்று ரப்பர் இல்லை, செம்பனைதான் நிற்கிறது.

“பாலுல தண்ணி கலந்த கதையால்ல இருக்கு,” என்றார் பாட்டி.

அவர் விளக்கிச் சொன்னார். வெட்டிய பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்துதான் சம்பளம். எடை கூடட்டும் என்று யாராவது வாளியில் தண்ணீர் ஊற்றினால், கிராணி சும்மா விடமாட்டார். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்ப்பார். அது எவ்வளவு மூழ்குகிறது என்பதை வைத்து ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். “தண்ணி கண்டுட்டா அன்னிக்குப் பேரு கெட்டுச்சு. மறுநாள் நல்ல பாலு கொண்டு போனாலும் நம்ம வாளியதான் முதல்ல பாப்பாங்க ஐயா,” என்றார் அண்ணனைப் பார்த்து.

ஸ்ட்ரீமிங் நிறுவனங்களிடமும் அப்படி ஒரு மெட்ரோலாக் இருக்கிறது. சேமிப்பு இல்லாமல் கேட்பு மட்டும் ஏறுவது, ஒரே இடத்திலிருந்து இரவு பகலாக ஒலிப்பது, முப்பது விநாடி கடந்தவுடன் நின்றுவிடுவது போன்ற அடையாளங்களைக் கணினி கண்காணிக்கிறது. இதில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால் பணம் பிரிக்கப்படும் முறை அப்படி. ஒரு முறை கேட்டால் இத்தனை காசு என்ற நிலையான விலை ஸ்பாட்டிஃபையில் கிடையாது. வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இசை உரிமையாளர்களுக்குக் கொடுப்பதாக அந்நிறுவனம் கூறுகிறது. அந்தத் தொகை, மொத்தக் கேட்புகளில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பொறுத்துப் பிரிகிறது. ஆகவே பொய்யாக ஒருவர் ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொரு கேட்பும் நேர்மையாக உழைத்த இன்னொருவரின் பங்கிலிருந்து போகிறது.

இதன் மிகப் பெரிய வடிவம் அமெரிக்காவில் வெளிவந்தது. 2024 செப்டம்பரில் வட கரோலினாவைச் சேர்ந்த மைக்கல் ஸ்மித் என்பவர்மீது அந்நாட்டு அரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய இலட்சக்கணக்கான பாடல்களைப் பதிவேற்றி, தானியங்கிக் கணக்குகளைக் கொண்டு அவற்றை ஒலிக்கவிட்டு, ஒரு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் உரிமத் தொகை பெற்றார் என்பது குற்றச்சாட்டு.

2024 முதல் ஸ்பாட்டிஃபையில் விதிகளும் இறுகிவிட்டன. முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு உரிமத் தொகை கிடையாது. ஒரு பாடலில் அப்பட்டமான செயற்கைக் கேட்புகள் கண்டுபிடிக்கப்பட்டால், அதை வெளியிட்ட நிறுவனத்திடமோ விநியோகிப்பாளரிடமோ அபராதம் வசூலிக்கப்படுகிறது. அந்தச் சுமை கடைசியில் யார் தலையில் விழும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். முதல் விதி சிறு கலைஞர்களுக்கு நியாயமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஆயிரத்தைத் தொடக் குறுக்கு வழி தேடினால் இருப்பதும் போய்விடும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டோம்.

நீக்கப்படாமல் தப்பினாலும் தீமைதான். பாடலைக் கேட்டவர்கள் வேறு என்னென்ன கேட்கிறார்கள் என்பதை வைத்துத்தான், அதை அடுத்து யாருக்குப் பரிந்துரைப்பது என்று கணினி முடிவு செய்கிறது. முதலில் கேட்டவை எல்லாம் நிரல்கள் என்றால், கணினி கற்றுக்கொள்வதும் தவறாகத்தான் இருக்கும். உறுமி கேட்டால் காலாட்டும் கிள்ளான் இளைஞரிடம் அந்தப் பாடல் போய்ச் சேராது.

தோட்டத்துப் பாடல் டைம்ஸ் சதுக்கம் போன கதை

எண்ணிக்கை உண்மையாகவே கோடிகளில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதற்கும் நம் தமிழ் உலகில் ஒரு பாடம் இருக்கிறது.

2021 மார்ச்சில் மாஜா நிறுவனத்தின்வழி ‘எஞ்சாயி எஞ்சாமி’ வெளிவந்தது. தீயும் அறிவும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் இசை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர். அவர் சொன்ன வாழ்க்கைக் கதைகள் அந்தப் பாடலுக்கு ஊற்று. பேராவின் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பாட்டிமாருக்கு அது அந்நியர் கதை அன்று. யூடியூபில் அந்தப் பாடல் 40 கோடி பார்வைகளைத் தாண்டியது.

அதே ஆண்டு பிரெஞ்சு இசைஞர் டிஜே ஸ்னேக் அதை நடன இசையாக மறுகலவை செய்தார். ஸ்பாட்டிஃபையின் விளம்பரமாக நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் பெரிய திரையில் அது ஒளிர்ந்தது. அந்தத் திரையில் தீ இருந்தார், டிஜே ஸ்னேக் இருந்தார், அறிவு இல்லை. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டைப்படத்திலும் அவர் இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உட்படப் பலர் இதை வெளிப்படையாகக் கேள்வி கேட்டார்கள். பிறகு 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளியில், அந்தப் பாடலிலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு காசுகூட வந்து சேரவில்லை என்று கூறினார்.

யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. என்னைச் சிந்திக்க வைத்தது இதுதான்: உலகமே கேட்ட ஒரு பாடலிலும் பெயர் யாருடையது, பணம் யாருக்கு என்ற கேள்விகள் பின்னால் எழுந்து நின்றன. அவற்றுக்குப் பதிலை முதல் நாளே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் ஐந்தாண்டு இடைநிலைப்பள்ளியிலும் இரு மொழிகளில் கட்டுரை எழுதக் கற்றுக்கொண்டேன். ஓர் ஒப்பந்தத்தை எப்படி வாசிப்பது என்பது எந்தப் பாடநூலிலும் வரவில்லை.

இந்தக் கதையை அண்ணனிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “உறுமி அடிச்சவங்க பேர நானும் போடலையே தங்கச்சி,” என்றார். அன்று இரவே அந்தக் குழுவைப் பார்க்கப் போனார்.

இரண்டாம் முறை

இந்த ஆண்டு அண்ணன் அந்தப் பாடலை முதலிலிருந்து மீண்டும் செய்தார். உறுமி அடிப்பவர்கள் மூவரையும் அழைத்து ஒழுங்காக ஒலிப்பதிவு செய்தார். யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரே தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திட்டார்கள். பாடலைப் பதிவேற்றும்போது மூவர் பெயரும் கலைஞர் விவரத்தில் சேர்ந்தன. ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு உண்டு. அது பாடலின் அடையாள அட்டை மாதிரி. அதையும் குறித்து வைத்துக்கொண்டார். மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு பதிவான உடனேயே உரிமை தானாக உண்டாகிவிடுகிறது. ஆனாலும் சான்றாக இருக்கட்டும் என்று விரும்புவோர் மைஐபிஓவில் தாமாக முன்வந்து அறிவிக்கலாம். பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் பொதுநிகழ்ச்சி உரிமத் தொகையை வசூலிக்க எம்.ஏ.சி.பி. அமைப்பு இருக்கிறது.

உறுமி இப்போது ஒன்பதாம் விநாடியில் நுழைகிறது. நீண்ட வடிவம் தனியாக டிஜேக்களுக்கு. வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்பே படிவத்தை அனுப்பினோம். 500 எழுத்துகளை எழுதியது நான். ‘எல்லாரும் ஆடக்கூடிய சிறந்த பாடல்’ என்று தொடங்கிய என் முதல் வரியை அண்ணன் அடித்துவிட்டார். புந்தோங், உறுமி மேளம், தைப்பூச ஊர்வலம், நிமிடத்துக்கு 124 துடிப்பு என்று உண்மையை மட்டும் எழுதினோம்.

ஆசிரியர் குழு எங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது வருத்தம்தான். அதன்பின் சிறு பட்டியல்கள் வைத்திருக்கும் இருபத்தைந்து பேருக்குத் தனித்தனியாக எழுதினோம். ஒரே செய்தியை எல்லாருக்கும் அனுப்பாமல், ஒவ்வொருவர் பட்டியலையும் கேட்டுவிட்டு, எந்தப் பாடலுக்குப் பக்கத்தில் எங்கள் பாடல் பொருந்தும் என்று எழுதினோம். ஏழு பேர் பதில் எழுதினார்கள், நால்வர் சேர்த்துக்கொண்டார்கள். பணம் கேட்ட இருவருக்குப் பதில் எழுதவில்லை. ஈப்போவில் ஸும்பா வகுப்பு நடத்தும் ஓர் அக்கா தன் வகுப்பில் அதை ஒலிக்கவிட்டார். ஒரே வாரத்தில் அங்கிருந்த பெண்களில் பலர் அதைத் தங்கள் கைப்பேசியில் சேமித்திருந்தார்கள்.

நான்கு மாதத்தில் 1,146 கேட்புகள். சேமித்தவர்கள் 163 பேர். ஊர்ப் பட்டியலில் ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர், சென்னை என்று நமக்குத் தெரிந்த பெயர்கள். பணமாகப் பார்த்தால் அண்ணன் முதலில் இழந்த 280 ரிங்கிட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. இசையை மட்டும் நம்பி வேலையை விடலாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், அண்ணனும் விடவில்லை. ஆனால் கணினி இப்போது அந்தப் பாடலைச் சரியான ஆட்களிடம் கொண்டு போகத் தொடங்கியிருக்கிறது.

போன மாதம் உறுமிக் குழுவின் மூத்தவர் வீட்டுக்கு வந்திருந்தார். இருபது ஆண்டாகக் கோயில் கோயிலாக அடித்து வருபவர். அண்ணன் கைப்பேசியில் பாடலின் கலைஞர் விவரத்தைத் திறந்து காட்டினார். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தன் பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசித்தார். “எழுத்துப் பிழை இல்லாம போட்டிருக்கீங்க தம்பி,” என்றார்.

மாணவ நண்பர்களே, நீங்கள் இசை அமைப்பவர் என்றால், வெளியீட்டு நாளைக் குறைந்தது நான்கு வாரம் தள்ளி வையுங்கள்; உடன் உழைத்தவர்கள் பெயரையும் பங்கையும் முதலில் எழுதுங்கள்; எண்ணிக்கைக்கு உறுதி தருகிறேன் என்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். நீங்கள் கேட்பவர் மட்டும்தான் என்றாலும் உங்கள் கையில் ஒன்று இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை ஓர் உள்ளூர்க் கலைஞரின் புதுப் பாடல் வந்தால், முப்பது விநாடி தாண்டியும் கேளுங்கள். பிடித்திருந்தால் சேமித்து வையுங்கள். அதன் பின்னால் யார் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். பேராவின் ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் அந்த ஓர் எண் கூடியதைக் கவனித்துக்கொண்டிருப்பார்.